ரத்தம் போனாலே மூலம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையத்தை ஒட்டி மெடிக்கல் கடை வைத்திருக்கிறோம். நான் பி.பார்ம் படித்தவள். கணக்கும் கொள்முதலும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பது நான். காலையில் கடை திறந்ததும் உங்கள் பேப்பரை முதலில் படிப்பதும் நான்தான். ஒன்பது மணிக்குமேல் அது பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கைக்குப் போய்விடும். திரும்பி வரும்போது நடுப்பக்கம் இருக்காது.

போன ஞாயிறு இணைப்பில் பழைய சோறு பற்றி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் கோடை முழுவதும் காலைச் சாப்பாடு அதுதான் என்பதால் ஆசையாகப் படித்தேன், கடைசிப் பத்தி வரைக்கும். அங்கே, குடல் நோய்க்காரர்கள் இனி மாத்திரையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு வரி. பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி ஒரு விளம்பரம்: மூலம், பௌத்திரம், குடல்புண், ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரக் குணம், கீழே ஒரு செல்போன் நம்பர். இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த வரியின் பலன் திங்கட்கிழமையே கடைக்கு வந்துவிட்டது. மாதாமாதம் மெசலமின் மாத்திரை வாங்கும் ஒரு தம்பி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அந்தப் பக்கத்தை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "அக்கா, பேப்பர்லயே போட்டுட்டான். இனி இந்த மாத்திர வேண்டாம்லா?" என்றார். பெருங்குடல் அழற்சி நோய் உள்ளவர் அவர். நோய் இப்போது அடங்கியிருக்கிறது என்றால் அதை அடக்கி வைத்திருப்பது அந்த மாத்திரை. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்தியவர்களில் பலருக்குச் சில மாதங்களில் ரத்தமும் சளியுமாக மறுபடி கிளம்பிவிடும். அவருக்குப் பின்னால் வரிசை நிற்க, இதை எடுத்துச் சொன்னேன். அரை மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பாதி என்னை நம்பினார், பாதி உங்களை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோறு குடல் அழற்சி நோயாளிகளுக்கு உதவுமா என்று ஆராய எடுத்துக்கொண்டது உண்மை. நல்ல காரியம். நம் சோற்றை நம் டாக்டர்களே ஆராயாமல் வேறு யார் ஆராய்வார்கள்? இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறும் சோற்றில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன என்பதால்தான் அதைக் கையில் எடுத்தார்கள். ஆனால் ஆராய்கிறார்கள் என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மாத்திரையோடு பழைய சோறும் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. மாத்திரைக்குப் பதிலாக என்று யார் சொன்னாலும், பேப்பரே சொன்னாலும், கேட்கக்கூடாது.

விளம்பரத்துக்கு வருகிறேன். அதுதான் பெரிய விஷயம்.

மலத்தில் ரத்தம் போகிறவர்கள் எங்கள் கடைக்கு வரும் விதத்தை நீங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். கூட்டம் இருந்தால் வரமாட்டார்கள். எதிரே டீக்கடையில் நின்று நம் கடையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி ஆள் நகர்ந்ததும் விறுவிறுவென்று வருவார்கள். ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, துண்டு, ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். உள்ளங்கையை மூடியபடியே மேஜைமேல் வைத்துத் திறந்தார். கடைசி வரை பிதுக்கி உருட்டிய ஆயின்மென்ட் டியூப். பெயர் தெரியும் இடத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, "எம்மா, இது ஒண்ணு" என்றார். எத்தனை நாளாய் அய்யா என்று கேட்டேன். "அது கெடக்கு, ரொம்ப நாளா" என்றார். எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டதற்கு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே "வயசாயிட்டுல்லா" என்றார். ரொம்ப நாளாக ரத்தம், கூடவே எடை இறக்கம். அந்த வயதில் முதலில் நினைக்க வேண்டியது பெருங்குடல் புற்றுநோய். அதை ஒரு களிம்பு டியூப்பால் மூடிக்கொண்டு நிற்கிறார். டாக்டரிடம் போகச் சொன்னேன். போனாரா என்று தெரியாது. அதன்பிறகு எங்கள் கடைப்பக்கம் அவரைக் காணவில்லை. வேறு கடையில் வாங்குகிறாராக இருக்கும்.

பெண்கள் இன்னும் மோசம். நான் பெண் என்பதால் என்னிடம் சொல்கிறார்கள், அதுவும் சுற்றி வளைத்து. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்கள் நிறைய. "ஒடம்பு சூடு, அடிவழியா போகுதுக்கா" என்பார்கள். மாதவிலக்கா, மலத்திலா என்று பிரித்துக் கேட்டால்தான் தெரியும். ரத்தசோகை என்று சத்து மாத்திரை வாங்கி வாங்கிச் சாப்பிடுவார்கள். ஹீமோகுளோபின் ஏறாது. ஏன் ஏறவில்லை, ரத்தம் எந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாத்திரை சாப்பிடாமலே தார் மாதிரிக் கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் துர்நாற்றத்தோடும் போனால் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

என் அண்ணன் மகள் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த பிள்ளை. அடிக்கடி வயிற்றுப்போக்கு ஆரம்பித்தபோது ஹாஸ்டல் சாப்பாடு என்றார்கள். காலையில் பாத்ரூம் வரிசையில் நிற்க முடியாமல் விடிவதற்கு முன்பே எழுந்துகொள்வாளாம். ரத்தம் தெரிய ஆரம்பித்ததும் ஊரில் சூடு என்றார்கள். சூடு என்றால் எங்கள் வீடுகளில் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது: வெந்தயம், இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அது கேட்கவில்லை என்றதும் மூலம் என்று முடிவாயிற்று. ஆச்சி துத்தி இலையை வதக்கிக் கொடுத்தார், கருணைக்கிழங்கு மசியல் வைத்துக் கொடுத்தார். பாசத்தில் செய்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகுதான் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருந்த நம்பரைப் பார்த்து அண்ணன் ஒரு வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். அங்கே பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டு அண்ணனிடம் கேட்டே மூலம் என்று சொல்லி, லேகியம், சூரணம், களிம்பு என்று ஒரு பை நிறையக் கொடுத்திருக்கிறார்கள். விரல் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனை இல்லை, மலப் பரிசோதனை இல்லை. வாங்கிய பணத்துக்கு ரசீதும் இல்லை.

இதெல்லாம் மருந்துக்கடைக்காரியான அத்தைக்குத் தெரியாது. வெட்கம். கோயில் கொடைக்கு எல்லோரும் ஊரில் கூடியபோதுதான் பார்த்தேன். வில்லுப்பாட்டு நடக்கிறது, பிள்ளைகள் எல்லாம் முன்னால் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் வாசல் திண்ணையில் சாய்ந்திருக்கிறாள். கண் இமையை இறக்கிப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

அங்கிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. எங்கள் பக்கம் ஹைகிரவுண்டு என்றால்தான் தெரியும். முதலில் மலத்தைப் பரிசோதித்து அமீபா, கிருமி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். பிறகு கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது. இந்தப் பெயரைக் கேட்டாலே பாதிப் பேர் ஓடிப்போகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். உண்மையில் கஷ்டம் என்பது முந்தின நாள் ராத்திரிதான். ஒரு பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். கால் மணிக்கொரு டம்ளர். கொழகொழவென்று உப்புக் கரிக்கும். குளிர வைத்துக் குடித்தால் பரவாயில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணன் மகள் குடித்தாள், அண்ணன் டம்ளரை ஏந்திக்கொண்டு நின்றார். போகப் போகத் தண்ணீராக, கடைசியில் தெளிந்த மஞ்சளாகப் போக வேண்டும். அப்போதுதான் குடல் சுத்தமாகிவிட்டது என்று பொருள். மறுநாள் லேசான மயக்கத்துக்கு ஊசி போட்டார்கள். அரைமணி நேரத்தில் முடிந்தது. உள்ளே சதைத் துணுக்கு எடுத்தது அவளுக்குத் தெரியவே இல்லை. குடலின் உள்தோலில் கிள்ளினால் வலி தெரியாது.

டாக்டர் திரையில் பதிவானதை எனக்குக் காட்டினார். நல்ல குடல் இளஞ்சிவப்பாகப் பளபளவென்று இருக்கும், உள்ளே ஓடும் ரத்த நாளங்கள் இலை நரம்பு மாதிரித் துல்லியமாகத் தெரியும். இவளுக்கு மேல்பகுதி அப்படித்தான் இருந்தது. ஆசனவாயிலிருந்து தொடங்கி இடதுபக்கம் வரைக்கும் நரம்பும் இல்லை, பளபளப்பும் இல்லை. சொரசொரவென்று செக்கச் சிவந்து, குழாய் லேசாகப் பட்ட இடத்திலெல்லாம் ரத்தம் கசிந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண்ணாகும் அழற்சி நோய் என்றார். மூலம் என்று மருந்து தின்ற பிள்ளைக்கு மூலமே இல்லை.

குடல் அழற்சி நோய் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று இது, ஆசனவாயில் தொடங்கிப் பெருங்குடலில் மேல்நோக்கி இடைவெளி இல்லாமல் பரவும். இன்னொன்று கிரோன்ஸ் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரும், சிறுகுடல் முடியும் இடத்தில் அதிகம். நியூயார்க்கில் இதை 1932இல் விவரித்த மருத்துவர்களில் ஒருவரின் பெயர்தான் கிரோன். இரண்டிலும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது. மிளகாயால் வருவதில்லை, பாவத்தால் வருவதில்லை, கவலையால் வருவதுமில்லை. பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்துக்குள், படிக்கிற, வேலை தேடுகிற, கல்யாணம் பேசுகிற வயதில்தான் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. அடுத்தவருக்கு ஒட்டாது. சிலருக்கு மூட்டு வலி, கண் சிவப்பு, காலில் சிவந்த கட்டிகள் என்று குடலுக்கு வெளியேயும் காட்டும்.

அந்த மூட்டு வலிதான் மருந்துக்கடையில் தொந்தரவு. வயிற்றுப்போக்குக்கு ஒன்று, முழங்கால் வலிக்கு ஒன்று என்று இரண்டு மாத்திரை கேட்பார்கள். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு இந்தக் குடல் நோயை மறுபடி கிளப்பிவிடும். இரண்டும் ஒரே நோயின் வேலையாக இருக்கலாம் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. அதேபோல் "சீதபேதி மாத்திர" என்று சீட்டு இல்லாமல் மெட்ரோனிடசோல் கேட்கிறவர்கள் தினம் உண்டு. அமீபாவுக்கு நல்ல மருந்துதான். ஆனால் அமீபா இல்லாத குடலுக்கு மாதக்கணக்கில் தின்றால் பாதம் மரத்துப்போவது ஒன்றுதான் மிச்சம். பேதியை நிறுத்தும் லோபரமைடும் அப்படித்தான். ரத்தபேதியோடும் காய்ச்சலோடும் இருப்பவர் அதைப் போட்டுக்கொண்டால் குடல் ஊதி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் ஸ்டீராய்டு. நோய் கிளம்பும்போது டாக்டர் பிரெட்னிசலோன் எழுதுவார். ஒரு வாரத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார், பசி எடுக்கும், முகம் தெளியும். அந்த ருசி கண்டவர்கள் பழைய சீட்டையே நீட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வருவார்கள். கொடுக்க மாட்டேன் என்றால் கோபம். அது நோயைத் தற்காலிகமாக அடக்கத்தான். வருஷக்கணக்கில் தின்றால் எலும்பு போகும், சர்க்கரை ஏறும், முகம் ஊதும். ஒரே நாளில் நிறுத்தினாலும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு மருந்து, ஆசனவாயில் வைக்கிற மாத்திரையும் எனிமாவும். நோய் அடிப்பகுதியில் மட்டும் இருந்தால் வாயில் போடுவதைவிட அதற்குத்தான் பலன் அதிகம். ஆனால் சீட்டில் எழுதியதை வாங்கிப் போனவர்கள் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவருவார்கள். எப்படி வைப்பது என்று டாக்டரிடம் கேட்கக் கூச்சம். படுக்கப்போகும்போது இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து வைக்க வேண்டும், வைத்தபின் எழுந்து நடமாடக்கூடாது, அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும்.

பழைய மருந்தான சல்பாசலசைன் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஸ்வீடனில் நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930களின் கடைசியில் மூட்டுவாதத்துக்காக உருவாக்க முனைந்தது. குடலுக்குத்தான் அது அபாரமாகப் பிடித்துப்போயிற்று. இன்றைக்கும் என் கடையில் விற்கிறது, விலையும் குறைவு. மெசலமின் அதன் வழியில் வந்தது. இதற்கும் அடங்காதவர்களுக்கு அசத்தியோபிரின், அதற்குமேல் இன்பிளிக்ஸிமாப் போன்ற ஊசிகள். அந்த ஊசிக்கு முன் காசநோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். ஊசி விலை எங்கள் ஊர்க்காரர்களுக்கு எட்டாது.

காசநோய் என்றதும் இன்னொன்று. குடலிலும் காசநோய் வரும். அதுவும் கிரோன்ஸ் நோயும் பிடிப்பது ஒரே இடம், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடம். ஸ்கோப்பிலும் ஒன்றுபோலத்தான் தெரியும், சதைப் பரிசோதனையிலும் சில நேரம் பிரிக்க முடியாது. அதனால் சிலருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கோப் செய்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். நம் நாட்டில் அது சரியான வழி. ஆனால் நோயாளி வீட்டில், "டாக்டருக்கே என்னன்னு தெரியல" என்று பேச்சு கிளம்பி, நடுவில் மருந்தை விட்டுவிட்டு வேறு இடத்துக்கு ஓடிவிடுவார்கள். காசநோய் மருந்தைப் பாதியில் விடுவதைப்போல் கெடுதல் வேறில்லை.

வயிற்றுக் கோளாறு எல்லாமே இந்த நோய் என்று பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பரீட்சை வந்தால் வயிறு கலக்குவது, சாப்பிட்டதும் ஓட வேண்டியிருப்பது, வாயு, உப்புசம் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது குடல் எரிச்சல் தொந்தரவு மட்டும். அதில் ரத்தம் போகாது, எடை இறங்காது, தூக்கத்திலிருந்து எழுப்பாது. அந்தக் கடைசி அடையாளத்தைக் கவனிக்க வேண்டும்: இரவு இரண்டு மணிக்கு மலம் கழிக்க ஒருவரை எழுப்புகிற வயிற்றுக்கு வைத்தியம் தேவை. மூலத்திலும் ரத்தம் வரும். ஆனால் அது பெரும்பாலும் மலம் கழித்தபின் சிவப்பாகச் சொட்டும். மலத்தோடும் சளியோடும் கலந்து, போன பிறகும் போகாததுபோல் அடிக்கடி முட்டிக்கொண்டு, நாலு வாரத்துக்குமேல் நீடித்தால் குடலைப் பார்த்தாக வேண்டும். எடுத்ததும் ஸ்கோப் என்றுகூட இல்லை. மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தே குடலில் அழற்சி இருக்கிறதா, வெறும் எரிச்சல் தொந்தரவா என்று பெருமளவு பிரித்துவிடலாம்.

பஞ்சாபில் லூதியானா பக்கம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 2003இல் வெளியிட்டார்கள்: லட்சம் பேருக்குச் சுமார் 44 பேர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகள். பஞ்சாப் வேறு, நம் ஊர் வேறுதான். இருந்தாலும் அதில் பாதி என்று வைத்துக்கொண்டால்கூட, இரண்டு லட்சம் பேர் உள்ள ஒரு வட்டாரத்தில் நாற்பது பேருக்குமேல் இருக்க வேண்டும். என் கடைக்குச் சீட்டோடு வருபவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் லேகியம் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

நோயென்று தெரிந்த பிறகும் வெளியே போகப் பயம். அண்ணன் மகள் எங்கு கிளம்பினாலும் முதலில் கேட்பது அங்கே பாத்ரூம் இருக்கிறதா என்பதுதான். எங்கள் பேருந்து நிலையக் கழிப்பறையில் ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 2005இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கிரோன்ஸ் நோயுள்ள ஒரு சிறுமிக்கு ஒரு கடையில் கழிப்பறையைத் திறந்துவிட மறுத்ததுதான் காரணம். இத்தகைய நோயுள்ளவர் கேட்டால் கடைக்காரர்கள் தங்கள் ஊழியர்களுக்கான கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும். இங்கே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன, குடல் நோய் அதில் இல்லை. சட்டம் வரும்போது வரட்டும். எங்கள் கடை வரிசையில் இருப்பவர்களிடம் பேசி, அவசரமாகக் கேட்பவருக்குக் காரணம் கேட்காமல் சாவி கொடுப்பது என்று வைத்திருக்கிறோம். ஜவுளிக்கடைக்காரர் மட்டும் இன்னும் முணுமுணுக்கிறார்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. 1954ஆம் ஆண்டே மருந்துகள் மற்றும் மாய வைத்திய ஆட்சேபகர விளம்பரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியல் அதில் உண்டு. இரைப்பை, குடல் புண்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, புற்றுநோயும் இருக்கிறது. மூலமும் பௌத்திரமும் மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக்கூடாது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரம் கொடுப்பவரை மட்டும் சொல்லவில்லை, அதை வெளியிடுவதில் பங்குகொள்ளும் யாரையும் சொல்கிறது. சுவரில் ஒட்டுகிறவனைப் பிடிக்க முடியாது, ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டிவிட்டுப் போய்விடுவான். உங்கள் விளம்பரப் பிரிவுக்கு விலாசம் இருக்கிறது. பேப்பரில் வந்துவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் அத்தாட்சி கிடையாது. அந்த வைத்தியசாலையை நம்பியதற்கு அண்ணன் சொன்ன காரணமும் "பேப்பர்லயும் போடுதாம்லா" என்பதுதான்.

அந்த விளம்பரங்களை நிறுத்துங்கள். பழைய சோற்றுக் கட்டுரைக்கு, மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று ஒரு திருத்தம், அதே இணைப்பில் அதே எழுத்து அளவில் போடுங்கள். மே 19 உலகக் குடல் அழற்சி நோய் நாள். அன்றைக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, அரசு ஆஸ்பத்திரி குடல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு எழுத வையுங்கள். சுகாதாரத் துறைக்கும் ஒரு வேண்டுகோளை உங்கள் மூலமாகவே வைக்கிறேன். 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் தங்கச்சியிடம் பெண்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அவர் நோட்டில் ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: மலத்தில் ரத்தம் போகிறதா, எத்தனை நாளாக?

அண்ணன் மகளுக்கு இப்போது ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டுவிட்டது. மாத்திரை தினமும் உண்டு. நோய் தொடங்கி எட்டு வருஷம் ஆனபிறகு புற்றுநோய் வருகிறதா என்று கவனிக்க ஸ்கோப் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறாள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரித்தால் பெரும்பாலும் ஒரு குறையும் வராது என்றும், மெசலமினை அப்போதும் தொடரலாம் என்றும், வேறு சில மருந்துகளை மட்டும் முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்றும் டாக்டர் விளக்கமாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு வருமா என்று அண்ணி கேட்டார். வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்றார்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம், மாவட்டம் மட்டும் போதும். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நோயைச் சொல்லித்தான் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருக்கிறாள், ஆனால் அதை அவளேதான் சொல்ல வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தூத்துக்குடி மாவட்டம்.